குடம் சுமப்பவர் கூட்டத்தில் உட்கார்ந்தால்

மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்திலும் ஊராட்சிகள் எந்தெந்த வேலைக்குப் பணம் செலவழிக்கின்றன என்று ராகவேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டுஃப்லோ என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். மொத்தம் 265 ஊராட்சிகள். முடிவுகள் 2004-இல் வெளிவந்தன. அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: தலைவர் பதவியில் ஒரு பெண் இருந்தால் ஊராட்சிப் பணம் வேறு வேலைகளுக்குப் போகிறதா?

போகிறது. இரண்டு மாநிலங்களிலும், பெண் தலைவர் இருந்த ஊராட்சிகளில் குடிநீருக்கு அதிகம் செய்திருந்தார்கள். சாலையில்தான் கவனிக்க வேண்டிய வித்தியாசம் இருந்தது. வங்கத்தில் பெண் தலைவர்கள் சாலைக்கும் கூடுதலாகச் செலவழித்திருந்தார்கள், ராஜஸ்தானில் குறைத்திருந்தார்கள். இது அந்தந்த ஊர்ப் பெண்கள் ஊராட்சியிடம் கொண்டுவந்த புகார்களோடு அப்படியே பொருந்தியது. வங்கத்தில் பெண்கள் சாலை போடும் வேலைக்குப் போய்க் கூலி வாங்கினார்கள். ராஜஸ்தானில் வேலை தேடி வெளியூர் போனவர்கள் ஆண்கள். சாலை வேண்டும் என்று அதிகம் கேட்டதும் அவர்களே. தண்ணீர் தூக்குவது மட்டும் இரண்டு இடத்திலும் பெண்களின் தலையில்.

ஒரு குழுவில் பலதரப்பட்டவர்கள் இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவான பதில் கிடைப்பது அரிது. பெண்கள் பலர் ஜெயிக்கிற ஊர், ஏற்கெனவே மற்ற ஊர்களைவிட வேறு மாதிரியான ஊராக இருக்கலாம். அங்கே குழாய் வந்ததற்குத் தலைவி காரணமா, ஊரின் குணம் காரணமா என்று பிரிக்க முடியாது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டது. மூன்றில் ஒரு பங்கு தலைவர் பதவிகள் பெண்களுக்கு என்று ஒதுக்கி, எந்த ஊராட்சி என்பதைச் சுழற்சியில் விட்டது. பக்கத்துப் பக்கத்து ஊர். ஒன்றுக்குப் பெண் தலைவர் வந்தார், இன்னொன்றுக்கு வரவில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் போதும். இவ்வளவு பெரிய சமூகப் பரிசோதனையை எந்த ஆய்வுக்கூடமும் நடத்த முடியாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெண்கள் இயல்பிலேயே வேறு மாதிரி யோசிப்பார்கள் என்பதல்ல இந்த ஆய்வின் செய்தி. அப்படியானால் சாலை விஷயத்தில் இரண்டு மாநிலப் பெண்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். ஒருவருக்கு எது தெரியும், எது அவசரமாகப் படும் என்பதை அவருடைய அன்றாட வேலை தீர்மானிக்கிறது. அடிபம்பு பழுதானால் அடுத்த பம்பு எவ்வளவு தூரம், கோடையில் எந்தக் கிணறு முதலில் வற்றும், எத்தனை மணிக்குப் போனால் வரிசை குறைவு என்பதெல்லாம் குடம் சுமப்பவருக்கு அத்துப்படி. அதே வீட்டில் இருக்கும் ஆணுக்குத் தண்ணீர்க் கஷ்டம் தெரியும். ஆனால் நிதி வந்ததும் முதலில் நினைவுக்கு வரும் அளவுக்குத் தெரியாது. அறிவுப் பன்மை என்று ஆய்வாளர்கள் பெரிதாகப் பேசுவது பெரும்பாலும் இதைத்தான். சாதி, பாலினம், மதம், மொழி, தொழில் எல்லாம் நம்மை வேறு வேறு தெருக்களில் நடக்க வைத்திருக்கின்றன. அதனால் வேறு வேறு விஷயங்கள் நமக்குத் தெரிகின்றன.

சரி, அப்படித் தெரிந்தவர்களை எல்லாம் ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டால் அந்த அறிவு தானாக வெளியே வந்துவிடுமா? வராது. இதை 1985-இல் கரோல்ட் ஸ்டாசரும் வில்லியம் டைட்டஸும் ஒரு பரிசோதனையில் காட்டினார்கள். நான்கு நான்கு பேராக மாணவர்களை உட்கார வைத்து, ஒரு தேர்தலுக்கு யார் நல்ல வேட்பாளர் என்று முடிவு செய்யச் சொன்னார்கள். எல்லாத் தகவலையும் எல்லோருக்கும் கொடுத்தபோது பெரும்பாலான குழுக்கள் சிறந்த வேட்பாளரைக் கண்டுபிடித்தன. அதே தகவல்களைப் பிரித்து, சிலவற்றை எல்லோருக்கும், சிலவற்றை ஒவ்வொருவருக்கு மட்டும் என்று கொடுத்தபோது பெரும்பாலான குழுக்கள் தவறவிட்டன. நான்கு பேரும் வாய் திறந்து எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் சரியான விடை அவர்கள் கையிலேயே இருந்தது. அவர்கள் பேசியதோ எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைப் பற்றி. ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் பேச்சில் வரவே இல்லை, வந்தாலும் நிற்கவில்லை.

ஏன் இப்படி? எல்லோருக்கும் தெரிந்ததைச் சொன்னால் நாலு தலை ஆடும். சொன்னவருக்குத் தெம்பு வரும். தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால் அறை அமைதியாகிவிடும். 'இது நமக்குத் தப்பாகத் தெரிகிறதோ' என்ற சந்தேகம் சொன்னவருக்கே வந்துவிடும். வார்டு உறுப்பினர் கூட்டத்தில் முதல் முறை உட்கார்ந்த எவருக்கும் இது புரியும்.

சாலமன் ஆஷ் 1950-களில் அமெரிக்காவில் செய்த கோடுகள் பரிசோதனை இதன் இன்னொரு பக்கம். மூன்று கோடுகளில் எது மாதிரிக் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். பார்த்தாலே தெரிகிற விடை. ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் முன்கூட்டியே சொல்லி வைத்தபடி தவறான விடையைச் சொல்வார்கள். உண்மையில் சோதிக்கப்பட்டவர்கள் அப்படிப்பட்ட சுற்றுகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக, கண்ணால் கண்டதை விட்டுக் கூட்டத்தோடு போனார்கள். அதே அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் இந்தத் தவறுகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்தன. பின்னால் 1971-இல் வெர்னன் ஆலனும் ஜான் லெவினும் இதை இன்னும் ஒரு படி தள்ளிப் பார்த்தார்கள். தடித்த கண்ணாடி போட்ட, பார்வை சரியில்லாதவர் என்று எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் கூட்டத்தோடு ஒத்துப்போகாமல் பேசினார். அவருடைய கண்ணை யாரும் நம்ப வேண்டியதில்லை. அப்படியும் மற்றவருக்குத் தைரியம் வந்தது.

ஒரு குழுவில் வேறு பின்னணியிலிருந்து வந்தவர் ஒரே ஒருவராக இருப்பதற்கும் இரண்டு மூன்று பேராக இருப்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதை இதிலிருந்து பார்க்கலாம். தனியாக இருப்பவர் அந்தக் கோட்டுப் பரிசோதனையின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். 73-ஆவது திருத்தம் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்ததும், தமிழ்நாடு 2016-இல் சட்டம் இயற்றி அதைப் பாதியாக உயர்த்தியதும் வெறும் எண்ணிக்கைப் பெருக்கம் என்று நான் நினைக்கவில்லை. மன்றத்தில் பாதிப் பேர் பெண்கள் என்றால், முதலில் பேசுகிறவருக்கு 'ஆமாம், எங்கள் தெருவிலும் அப்படித்தான்' என்று சொல்ல ஆள் இருக்கிறது.

'எங்கே பேசுகிறார்கள்? கணவர்தானே எல்லாம் பார்க்கிறார்' என்ற எதிர்வாதம் டீக்கடையிலிருந்து சட்டமன்றம் வரை கேட்கிறது. அது பொய்யில்லை. தலைவியின் கையெழுத்து மட்டும் தாளில் இருக்க, கூட்டத்தை நடத்துவது அவர் கணவரோ மைத்துனரோ என்பதைப் பார்த்த ஊர்கள் ஏராளம். ஆனால் சட்டோபாத்யாயும் டுஃப்லோவும் பார்த்த ஊராட்சிகளும் சொர்க்கத்தில் இல்லை. அங்கும் படிக்காத தலைவிகள், முதல் முறை வந்தவர்கள், பின்னால் கணவர் நின்றவர்கள் எல்லோரும் கணக்கில் உண்டு. அத்தனையும் சேர்த்த பிறகும் குடிநீர் கூடியிருந்தது. வங்கத்தில் பெண் தலைவர் இருந்த இடங்களில் ஊர்க்கூட்டத்துக்கு வந்தவர்களில் பெண்களின் பங்கு சுமார் 7 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்தை நெருங்கியது. 10 என்பது இன்னும் வெட்கப்பட வேண்டிய எண்தான். ஆனாலும் திசை மாறியிருக்கிறது.

இதைவிட ஆழமான மாற்றம் பிறகு தெரிந்தது. டுஃப்லோ, லோரி பீமன், ரோகிணி பாண்டே உள்ளிட்டவர்கள் அதே பீர்பூமில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பேச்சை ஆண் குரலிலும் பெண் குரலிலும் பதிவு செய்து ஊர்க்காரர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பெண் தலைவரையே பார்த்திராத ஊர்களில், பெண் குரலில் கேட்ட ஆண்கள் அந்தத் தலைவருக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார்கள். பெண் தலைவரைப் பார்த்த ஊர்களில் அந்தப் பாகுபாடு கிட்டத்தட்ட மறைந்திருந்தது. 'தலைவராக ஆண் வேண்டுமா, பெண் வேண்டுமா' என்று நேராகக் கேட்டால் மட்டும் பழைய பதில் மாறவில்லை. விருப்பம் அப்படியே இருக்கிறது, மதிப்பீடு மாறிவிட்டது. மனிதர்கள் மாறுகிற விதம் இதுதான் போலும். 2012-இல் வந்த அடுத்த ஆய்வில், இரண்டு முறை பெண் தலைவர் இருந்த ஊர்களில் மகனுக்கும் மகளுக்கும் பெற்றோர் காணும் கனவுகளின் இடைவெளி கணிசமாகக் குறைந்திருந்தது. பள்ளிப் படிப்பில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இருந்த வித்தியாசம் அழிந்தே போயிருந்தது.

பலதரப்பட்ட குழு என்றால் புதிதாக வந்தவர் கொண்டுவரும் தகவல் மட்டும்தான் லாபம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஏற்கெனவே இருப்பவர்களும் மாறுகிறார்கள். சாமுவேல் சாமர்ஸ் 2006-இல் அமெரிக்காவில் மாதிரி நடுவர் குழுக்களை (வழக்கைக் கேட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு) வைத்துச் செய்த ஆய்வில், குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு கறுப்பினத்தவர். ஆறு வெள்ளையர் உள்ள குழுக்களைவிட, நான்கு வெள்ளையரும் இரண்டு கறுப்பினத்தவரும் உள்ள குழுக்கள் பத்து நிமிடத்துக்கும் மேல் அதிகம் விவாதித்தன. வழக்கின் விவரங்களை அதிகம் எடுத்துப் பேசின. தவறாகச் சொன்னது குறைவு. அந்த முன்னேற்றத்தில் பெரும்பங்கு வெள்ளை நடுவர்களிடமிருந்தே வந்தது. தன்னைப் போலவே இருப்பவர்கள் மத்தியில் அவர்கள் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். வேறு ஒருவர் எதிரில் இருந்தபோது சொல்வதற்கு முன் சரிபார்த்துக்கொண்டார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உள்ளே வந்து உட்கார முடிந்தவர்களின் கதை. உட்காரவே விடாத கதை நம் பக்கத்தில் இருக்கிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996-இல் தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அந்த ஊர்களில் தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. வேட்பாளர் நிற்க மாட்டார், நின்று ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. 2006-இல்தான் முறையாகத் தேர்தல் நடந்தது. மேலவளவில் அதைவிடக் கொடுமை: ஊராட்சி மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் அவரோடு இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்திய படம் வெளிவந்து, வழக்குப் பதிவாகும் வரை போனது.

இந்தச் சம்பவங்களை 'சாதிக் கொடுமை' என்ற தலைப்பில் மட்டும் வைத்துப் படிக்கக் கூடாது என்பது என் கருத்து. அது கொடுமைதான், அதில் இரண்டு பேச்சில்லை. அதோடு, ஊர் தன்னுடைய பாதி அறிவை வாசலிலேயே நிறுத்தி வைப்பதும் அங்கே நடக்கிறது. தரையில் உட்கார்ந்திருப்பவர் 'காலனிக்குப் போகும் குழாயில் ஒரு வாரமாகத் தண்ணீர் வரவில்லை' என்று சொல்ல மாட்டார். சொன்னாலும் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறாது. தென்மாநிலங்களின் ஊராட்சிகளைப் பார்த்த டிம் பெஸ்லி, ரோகிணி பாண்டே முதலானோரின் ஆய்வில், தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கப்பட்ட இடங்களில் அந்தக் குடும்பங்களுக்கு வீடு, கழிப்பறை, மின்சார இணைப்பு போன்றவை கிடைக்கும் வாய்ப்பு கூடியிருந்தது. நாற்காலி கிடைத்தால் குழாயும் வருகிறது.

அப்புறம், சேர்ந்திருப்பது எப்போதும் நல்லதா? இல்லை. மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 800 இளைஞர்களை வைத்து ஒரு மாதம் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். சிலரை ஒரே சாதிக்காரர்கள் அணியில் போட்டார், சிலரைப் பல சாதிகள் கலந்த அணியில் போட்டார். எதிரணியில் யார் என்பதும் குலுக்கலில். 2021-இல் வெளிவந்த முடிவு இது: ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களிடம் வேற்றுச் சாதி நட்பு கூடியது, தன் சாதிக்காரனுக்கே சாதகமாக வாக்களிக்கும் பழக்கம் குறைந்தது. எதிரணியில் வேற்றுச் சாதியை அதிகம் சந்தித்தவர்களிடம் நட்பு பெரும்பாலும் குறைந்தது. மைதானம் ஒன்றுதான், பந்தும் ஒன்றுதான். யாருக்கு எதிராக, யாரோடு என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. ஊர் ஊராகச் சாதிக்கு ஓர் அணி வைத்துக் கோப்பை நடத்துகிறவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும்.

டெல்லியில் இதே மாதிரி ஒன்று பள்ளிகளில் நடந்தது. 2007 முதல் அங்குள்ள பணக்காரத் தனியார் பள்ளிகள் பல, ஐந்தில் ஒரு பங்கு இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. கௌதம் ராவ் அந்த வகுப்புகளை ஆராய்ந்தார். ஏழைப் பிள்ளைகளோடு படித்த பணக்காரப் பிள்ளைகள் தாராள மனம் உள்ளவர்களாகவும், தொண்டு வேலைக்கு முன்வருகிறவர்களாகவும் இருந்தார்கள். தொடர் ஓட்டத்துக்குக் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேகமாக ஓடும் ஏழைப் பிள்ளையை ஒதுக்கிவிட்டு மெதுவாக ஓடும் பணக்காரப் பிள்ளையைத் தேடுவது அவர்களிடம் குறைவு. சில பள்ளிகளில் பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழுக்கள் பிரிக்கப்பட்டன. அதனால் யாருக்கு யார் பக்கத்தில் என்பது பெயரின் முதல் எழுத்தால் அமைந்தது. ஒரே குழுவில் உட்கார்ந்து படித்தவர்களிடம்தான் மாற்றம் அழுத்தமாக இருந்தது. இதற்கு விலையும் இருந்தது, அதை மறைக்கக் கூடாது: கணக்கிலும் இந்தியிலும் மதிப்பெண் குறையவில்லை, ஆங்கிலத்தில் கொஞ்சம் குறைந்தது, வகுப்பில் கெட்ட வார்த்தை கொஞ்சம் கூடியது. எனக்கு இந்த விலை சின்னதாகத் தெரிகிறது. பிள்ளைக்கு ஆங்கிலம் வர வேண்டும் என்பதற்காகவே கடன் வாங்கிப் பணம் கட்டுகிற பெற்றோருக்கு அப்படித் தெரியாது என்பதும் உண்மை.

விலை பெரிதாகிற இடங்களும் உண்டு. ராபர்ட் புட்னம் அமெரிக்காவில் ஏறக்குறைய 30,000 பேரிடம் நடத்திய ஆய்வை வைத்து 2007-இல் எழுதினார்: பல இனத்தவர் கலந்து வாழும் பகுதிகளில் மக்கள் மற்ற இனத்தவரை மட்டுமல்ல, தங்கள் இனத்தவரையும் குறைவாகவே நம்புகிறார்கள். பக்கத்து வீட்டில் வேறொருவர் குடியிருப்பது மட்டும் நட்பைத் தந்துவிடாது.

குடியிருப்பைச் சட்டத்தால் கலந்த நாடு சிங்கப்பூர். 1964-இல் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே கலவரம் வெடித்த ஊர் அது. 1989-இலிருந்து அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் ஒவ்வொரு கட்டடத்திலும் எந்த இனத்தவர் எவ்வளவு இருக்கலாம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். தமிழர்கள் உட்பட இந்தியர்கள் ஒரே இடத்தில் திரளாமல் பரவினார்கள். சீனர் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் வீட்டை விற்கும் இந்தியரோ மலாய்க்காரரோ சீனருக்கு விற்க முடியாது. வாங்க ஆள் குறைவதால் விலையும் குறைகிறது. கலப்பின் சுமை சிறுபான்மையினர் தலையில் விழுவதை அரசே ஒப்புக்கொண்டு, 2022 முதல் சில வீடுகளைத் தானே திரும்ப வாங்க முன்வந்தது. தமிழ்நாட்டின் சமத்துவபுரங்களும் இதே எண்ணத்தில் பிறந்தவை: 100 வீடுகளில் 40 தாழ்த்தப்பட்டோருக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தலா 25, மற்றவர்க்கு 10.

வீடு கலப்பதைவிடச் சங்கம் கலப்பது வலுவானது என்பதற்கு அஷுதோஷ் வர்ஷ்னேயின் ஆய்வு சாட்சி. 1950 முதல் 1995 வரை இந்து-முஸ்லிம் கலவரங்களில் இறந்தவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் எட்டே நகரங்களில் இறந்தார்கள். மக்கள்தொகையில் இந்து-முஸ்லிம் விகிதம் ஏறக்குறைய ஒன்றாக உள்ள நகரங்களை அவர் ஜோடி சேர்த்துப் பார்த்தார்: அலிகார் பற்றி எரிகிறது, கோழிக்கோடு எரியவில்லை. கோழிக்கோட்டில் இரு மதத்தவரும் அடிக்கடி சேர்ந்து சாப்பிடுவதாகச் சொன்னவர்கள் சுமார் 83 சதவீதம், அலிகாரில் 54. ஆனால் அவர் அதிக எடை கொடுத்தது சாப்பாட்டுக்கு அல்ல. கோழிக்கோட்டில் வியாபாரிகள் சங்கம், சுமைதூக்குவோர் சங்கம், வாசிப்பு மன்றம் எல்லாவற்றிலும் இரு தரப்பும் உறுப்பினர்கள். வதந்தி கிளம்பினால் கடையை மூட வேண்டியவர்கள் இருவரும், நஷ்டம் இருவருக்கும். அதனால் சேர்ந்து வதந்தியை அடக்கினார்கள். கோழிக்கோட்டு மனிதர்கள் இயல்பிலேயே நல்லவர்கள் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களுடைய பிழைப்பு ஒன்றோடொன்று முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

நம் கிராம சபைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைக் கூட்டங்கள் இப்போது ஆறு. மக்கள்தொகைக்கு ஏற்பக் குறைந்தபட்சம் இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வந்தவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், அவர்களில் யார் பேசினார்கள் என்று அந்த எண்ணிக்கை கேட்பதில்லை. மகாராஷ்டிரத்தில் கிராம சபைக்கு முன்னால் பெண்களுக்கென்று தனிக் கூட்டம் நடத்த வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆண்கள் இல்லாத இடத்தில் பெண்கள் முதலில் தங்களுக்குள் பேசுகிறார்கள். எது தனக்கு மட்டும் நடந்தது, எது எல்லோருக்கும் நடக்கிறது என்று அங்கே தெரிந்துவிடுகிறது. பெரிய கூட்டத்தில் அதை எடுத்து வைக்கும்போது எழுந்து நிற்பவருக்குப் பின்னால் நாலு பேர் இருக்கிறார்கள். இப்படி ஒரு முன்கூட்டம் தமிழ்நாட்டிலும் சட்டப்படி வர வேண்டும். பெண்களுக்கும், தனியாகக் காலனி மக்களுக்கும். அங்கே எடுத்த முடிவுகளைக் கிராம சபையின் முதல் பொருளாகப் படித்து, ஏற்றாலும் மறுத்தாலும் காரணத்தோடு தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும்.